என் தூக்கம் தம்பிக்கு, என் 'லேட்டு' தங்கச்சிக்கு! உயில் எழுதும் அமெரிக்க பிளஸ்-2 மாணவர்கள்

அமெரிக்காவில் இருக்கும் பேரனோ பேத்தியோ மே மாதத்தில் போன் போட்டு, "தாத்தா, நாளைக்குள்ள உயில் எழுதிக் கொடுக்கணும், அப்புறம் பேசறேன்" என்று சொன்னால் இங்கே இருக்கிறவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும். பதற வேண்டாம். 17 வயதுப் பிள்ளை சொத்து பிரிக்கப் போவதில்லை. பள்ளிக்கூடத்தை விட்டுப் போகும்போது தன்னிடம் இருக்கும் தூக்கம், சோம்பல், வாய்த்துடுக்கு, தினமும் லேட்டாக வரும் பழக்கம் எல்லாவற்றையும் ஜூனியர்கள் தலையில் கட்டிவிட்டுப் போகிறது. அவ்வளவுதான்.

இதற்கு அங்கே 'சீனியர் வில்' என்று பெயர். ராமர் ஒடித்த வில் அல்ல. நம்ம ஊரில் பத்திர எழுத்தர் எழுதித் தருகிற அதே உயில்தான். வீடு, நிலம், நகைக்குப் பதிலாக குணத்தையும் பழக்கத்தையும் எழுதி வைக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

கேட்பதற்குச் சும்மா ஜாலி கலாட்டா மாதிரி தெரியும். பாதி அப்படித்தான். மீதிப் பாதியில் யாரோ ஒரு 14 வயதுப் பையன் வாழ்நாள் முழுக்க மறக்காத சந்தோஷமும் இருக்கிறது, யாரோ ஒரு பெண் அன்று முழுக்க பாத்ரூமில் அழுததும் இருக்கிறது. அதனால்தான் பள்ளிக்கூடங்கள் இதைத் தலையில் வைத்துக் கொண்டாடவும் செய்கின்றன, தடை போடவும் செய்கின்றன.

நாலு வருஷப் பழக்கம்

முதலில் அங்கத்திய பள்ளிக்கூட ஏற்பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் 'ஹைஸ்கூல்' என்பது பெரும்பாலும் 9 முதல் 12-ம் வகுப்பு வரை. 9-ம் வகுப்பில் நுழைகிறவர் 'பிரெஷ்மேன்', 10-ல் 'சோபமோர்', 11-ல் 'ஜூனியர்', 12-ல் 'சீனியர்'. அதாவது 14 வயதில் பயந்து பயந்து உள்ளே வருகிறவர், 18 வயதில் கெத்தாக வெளியே போகிறார்.

இங்கே மாதிரி ஒரே வகுப்பறையில் ஒரே செட் ஆட்களோடு வருஷம் முழுக்க உட்கார்ந்திருக்கும் கதை அங்கே கிடையாது. பாடத்துக்குப் பாடம் அறை மாறும், ஆளும் மாறும். கணக்கில் கெட்டிக்காரனான 9-ம் வகுப்புப் பையன், 11-ம் வகுப்பு அண்ணன்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கணக்கு போடுவான். பேண்டு வாத்தியக் குழு, நாடகம், கூடைப்பந்து, நீச்சல், விவாத மேடை, பள்ளிப் பத்திரிகை எல்லாவற்றிலும் நாலு வகுப்பும் கலந்து கட்டி இருக்கும்.

இதுதான் விஷயமே. சீனியருக்கு ஜூனியரை நன்றாகத் தெரியும். யார் எதற்கு அழுவான், யார் எதற்குச் சிரிப்பாள், யாருக்கு டிராம்போன் வாசிக்க வராது, யார் மதிய சாப்பாட்டில் அடுத்தவன் சிப்ஸைச் சுடுவான் என்று எல்லாம் அத்துப்படி. ஆளைத் தெரிந்தால்தானே உயில் எழுத முடியும்?

எழுதுகிற நேரமும் தோதான நேரம். எந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது என்ற முடிவுகள் பெரும்பாலும் மார்ச் கடைசிக்குள் வந்துவிடும். 'இந்தக் கல்லூரியில் சேர்கிறேன்' என்று சொல்வதற்கு வழக்கமான கடைசி நாள் மே 1. அதற்குப் பிறகு பட்டமளிப்பு நடக்கும் மே கடைசி அல்லது ஜூன் வரை பிள்ளைகளுக்குப் படிப்பில் கவனம் போகாது. இந்த 'நோய்க்கு' அங்கே 'சீனியரைடிஸ்' என்று பெயரே இருக்கிறது. கல்லூரியில் இடம் வாங்கியாச்சு, இன்னும் எதுக்குப் படிக்கணும் என்ற நோய். உயில்கள் பிறப்பது இந்த நோய்க் காலத்தில்தான்.

ஆண்டு மலர் சீக்கிரமே அச்சுக்குப் போய்விடும் என்பதால், உயில்கள் பெரும்பாலும் பள்ளிப் பத்திரிகையின் கடைசி இதழில் வெளிவரும். அதற்கென்று தனி 'சீனியர் இதழ்' போடும் பள்ளிகளும் உண்டு. ஒருவருக்கு இத்தனை வார்த்தை என்று அளவு வைப்பார்கள். இல்லாவிட்டால் சில பேர் குடும்பக் கதையையே எழுதிவிடுவார்கள்.

திட மனதுடன் எழுதி வைக்கும்...

இந்த விளையாட்டுக்கு உப்பு போடுவதே அதன் வக்கீல் பாஷைதான்.

நம்ம ஊர் உயிலில் ஆரம்பமே எப்படி இருக்கும்? நல்ல நினைவோடும், திட மனதோடும், யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இல்லாமல் எழுதி வைக்கிறேன் என்று இருக்கும். அமெரிக்க உயிலிலும் ஏறக்குறைய இதே வாசகம்தான். இரண்டு நாட்டுக்கும் இது போனது இங்கிலாந்து சட்டத்தில் இருந்து. அங்கே நிலத்தை உயில் மூலம் எழுதி வைக்க வழி செய்த சட்டம் 1540-ல் வந்தது. இந்தியாவில் 1925-ம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம், புத்தி தெளிவாக உள்ள, மைனர் அல்லாத யாரும் உயில் எழுதலாம் என்கிறது. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் 18 வயது ஆகியிருக்க வேண்டும். இரண்டு சாட்சி என்ற கணக்கும் இங்கே போலத்தான்.

பிளஸ்-2 முடிக்கிற பிள்ளைக்கு 17 அல்லது 18 வயது. அதாவது நிஜ உயில் எழுதும் தகுதி அப்போதுதான் வருகிறது, அல்லது இன்னும் சில மாதத்தில் வரப்போகிறது. எழுதி வைக்கத்தான் ஒண்ணும் இல்லை! ஓட்டுகிற கார் அப்பா பெயரில். செல்போன் பில் அம்மா கட்டுவது. லாக்கர் பள்ளிக்கூடத்தினுடையது. சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அந்தப் பிள்ளையிடம் இருப்பது அதன் குணம் மட்டும்தான்.

அதனால் உயில் இப்படி ஆரம்பிக்கும்: 'இன்னார் ஆகிய நான், ஓரளவு தெளிந்த புத்தியுடனும், மிகவும் களைத்துப் போன உடம்புடனும்...'. நிஜ உயிலின் கம்பீரமான வாசகத்தை எடுத்து, நடுவில் ஒரு வார்த்தையை மட்டும் தட்டி விடுவது. முதல் சிரிப்பு அங்கேயே வந்துவிடும்.

நிஜ உயில் ஆள் போன பிறகுதான் செல்லும். செட்டில்மென்ட் பத்திரம் என்றால் உடனே செல்லும். அந்தக் கணக்கில் பார்த்தால் சீனியர் வில் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆள் சாகவில்லை, ஆனால் பள்ளிக்கூடத்தைப் பொறுத்தவரை 'போய்விட்டார்'!

என்னென்ன எழுதி வைக்கிறார்கள்?

அதிகம் கைமாறும் சொத்து தூக்கம்தான். முதல் பீரியடில் கையைக் கன்னத்தில் முட்டுக் கொடுத்து, புத்தகத்தைப் பார்ப்பது போலவே தூங்கும் கலையை 10-ம் வகுப்புத் தம்பிக்கு எழுதி வைப்பார்கள். பல அமெரிக்கப் பள்ளிகளில் காலை 8 மணிக்கு முன்பே மணி அடித்துவிடும் என்பதால் இந்தக் கலைக்கு நல்ல கிராக்கி. கலிபோர்னியாவில் மட்டும் 2022 ஜூலை முதல் ஹைஸ்கூல்கள் 8.30 மணிக்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. கிராமப்புறப் பள்ளிகள் சிலவற்றுக்கு விலக்கு உண்டு. ஆக அங்கே இந்தச் சொத்தின் மதிப்பு கொஞ்சம் இறங்கியிருக்கும்!

அடுத்தது லேட். தினமும் அஞ்சு நிமிஷம் தாமதமாக வந்து, வாத்தியார் வாயைத் திறப்பதற்கு முன்பே வயிற்றுவலி முகத்தை வைத்துக்கொண்டு தப்பிக்கும் திறமை. இதை யாருக்கு எழுதுவார்கள்? ஒரு நாள் கூட லேட்டாக வராத பெண்ணுக்கு. 'எடுத்துக்கோ, உனக்குத் தேவைப்படும்' என்று.

இதில்தான் உயிலின் சூட்சுமம் இருக்கிறது. எதை வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் எழுதினால் சிரிப்பு வராது. கொடுப்பவரிடம் நிறைய இருக்கிற ஒன்று, வாங்குபவரிடம் சுத்தமாக இல்லாத ஒன்றாக இருக்க வேண்டும். ஆறடி உயரத்துக்காரன் தன் உயரத்தில் நாலு அங்குலத்தைக் கூடைப்பந்து அணியின் குள்ளப் பையனுக்கு எழுதுவான். வகுப்பே அதிர்கிற மாதிரி சிரிக்கிற பெண், தன் சிரிப்பை வாயே திறக்காத 9-ம் வகுப்புப் பெண்ணுக்கு எழுதுவாள். இல்லாவிட்டால் நேர் எதிராக, 'நீயும் என்னை மாதிரிதான்' என்று ஒரே மாதிரி ஆளைத் தேடிப் பிடித்து வாரிசாக்குவது. வாய் ஓயாமல் வாதாடும் பையன், விவாத அணியின் கடைசிச் சொல்லை எப்போதும் தானே சொல்லும் உரிமையை இன்னொரு வாயாடிக்கு எழுதி வைப்பது அந்த ரகம்.

சொந்தத் தம்பி தங்கை அதே பள்ளியில் படித்தால் தனிக் கச்சேரி. வீட்டு பாத்ரூம் முழுசும் உனக்கே, காரில் நான் போட்ட கீறலும் உனக்கே, 'நீ அவனோட தம்பியா?' என்று ஒவ்வொரு வாத்தியாரும் சந்தேகமாகப் பார்க்கிற பார்வையும் உனக்கே என்று எழுதுவார்கள்.

ஆசிரியர்களும் தப்புவதில்லை. கணக்கு டீச்சருக்கு, வருஷம் முழுக்க அவர் கேட்டும் கிடைக்காத 'அமைதி' எழுதி வைக்கப்படும். இன்னொருவருக்கு அவரிடமே சுட்ட பேனாக்கள் திருப்பி எழுதப்படும். காபி இல்லாமல் பேசவே ஆரம்பிக்காத ஆசிரியருக்கு இன்னொரு கப் காபி.

இடங்களும் கைமாறும். சாப்பாட்டுக் கூடத்தில் ஜன்னலோர மேஜை, பேருந்தின் கடைசி சீட்டு, கார் நிறுத்தும் இடம். பல மாநிலங்களில் 16 வயதிலேயே லைசென்ஸ் கிடைப்பதால் சீனியர்கள் காரில் வருவது சகஜம். அவர்களுக்கென்று எண் போட்ட இடம் ஒதுக்கி, அதில் பெயிண்ட் அடித்துப் படம் வரையவும் சில பள்ளிகள் அனுமதிக்கின்றன. அந்த இடத்தை ஜூனியருக்கு எழுதி வைப்பதில் சட்டப்படி ஒரு மண்ணும் இல்லை. ஆபீசில் யார் பணம் கட்டுகிறார்களோ அவர்களுக்குத்தான் இடம்!

சட்டை நிறைய பெயர்

பேண்டுக் குழு, நாடகக் குழு, விளையாட்டு அணிகளில் இந்தப் பழக்கம் இன்னும் கெட்டி. அங்கே அச்சடிக்கக் காத்திருப்பதில்லை. சீசன் முடிந்து நடக்கும் விருந்தில் சீனியர் எழுந்து நின்று வாசிப்பார். கையில் நிஜமாகவே ஒரு பொருளும் இருக்கும். பெரும்பாலும் பைசா பெறாத சாமான். கண்ணைப் பறிக்கும் கலரில் ஒரு தொப்பி, காது பிய்ந்த பொம்மை, யாரும் வெளியே போட்டுக்கொண்டு போக முடியாத டி-சர்ட்.

அந்த டி-சர்ட்டின் உள்பக்கம் பார்த்தால் பேனாவால் எழுதிய பெயர்கள் இருக்கும். யாரிடம் இருந்து யாருக்கு வந்தது, எந்த வருஷம் என்று வரிசையாக. நம்ம வில்லங்கச் சான்றிதழில் சொத்து கைமாறிய கணக்கு இருப்பது மாதிரி. மேலே இருக்கும் பெயர்க்காரருக்கு இப்போது கல்யாண வயதில் பிள்ளை இருந்தாலும் இருக்கலாம்.

இந்தக் கூட்டங்களில் சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடிப்பது வழக்கம். 17 வயதுப் பையன் இன்னொரு பையனைப் பார்த்து, 'நீ இல்லாம எனக்குக் கஷ்டமா இருக்கும்' என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட முடியுமா? கலாய்த்தே கொன்றுவிடுவார்கள். ஆனால் 'என் ஓட்டை ஷூவை உனக்கு எழுதி வைக்கிறேன், நாலு வருஷமா நீ ஒருத்தன்தான் அதைப் பார்த்துச் சிரிக்கல' என்று சொல்லலாம். விஷயம் போய்ச் சேர்ந்துவிடும்.

பன்றிக்குட்டி எழுதிய உயில்

இது அமெரிக்கப் பிள்ளைகள் கண்டுபிடித்ததும் அல்ல. ஹார்வர்டு, யேல் போன்ற கல்லூரிகளில் 19-ம் நூற்றாண்டிலேயே பட்டமளிப்பை ஒட்டி 'கிளாஸ் டே' என்று ஒரு நாள் கொண்டாடினார்கள். மாணவர்களே நடத்தும் நாள். வகுப்பின் வரலாறு, கவிதை, யார் பிற்காலத்தில் என்ன ஆவார்கள் என்ற கேலி ஜோசியம், இதோடு உயிலும் அங்கங்கே சேர்ந்துகொண்டது. அந்த நூற்றாண்டின் கடைசியிலும் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஹைஸ்கூல்கள் இதை அப்படியே காப்பி அடித்தன. 1910, 1920-களின் பள்ளி ஆண்டு மலர்களைப் புரட்டினால் ஜோசியமும் உயிலும் அடுத்தடுத்த பக்கத்தில் இருக்கும். அப்போது வகுப்பு மொத்தமும் சேர்ந்து ஒரே உயிலாக எழுதி, தங்கள் 'பெருமையையும் கௌரவத்தையும்' அடுத்த வகுப்புக்கு விட்டுச் செல்வார்கள். தனித்தனி ஆள், தனித்தனி உயில் என்று பெருகியது அதன் பிறகு.

இன்னும் பின்னால் போனால் பாரிஸ். பிரான்சுவா வியோன் என்ற பிரெஞ்சுக் கவிஞர், பாரிஸ் பல்கலைக்கழகத்தில் 1452-ல் பட்டம் வாங்கியவர். 1456-ல் ஊரை விட்டுப் போகும்போது, ஊரில் உள்ளவர்களுக்கு எல்லாம் கேலியாகச் சொத்து பிரித்து ஒரு நீண்ட கவிதை எழுதினார். முடி வெட்டுபவருக்கு வெட்டிய தலைமுடி, செருப்பு தைப்பவருக்குப் பழைய செருப்பு என்று போகும் பட்டியல். அவர் ஊரை விட்டுப் போனதற்குக் காரணம், ஒரு கல்லூரியின் பணப்பெட்டி திருட்டுப் போன விவகாரம் என்பது தனிக் கதை!

அதற்கும் ஆயிரம் வருஷம் முன்னால் ரோமானியப் பேரரசில் ஒரு பன்றிக்குட்டியின் உயில் சக்கைப்போடு போட்டிருக்கிறது. லத்தீன் மொழியில் உள்ள சின்ன நகைச்சுவைத் துணுக்கு அது. சமையல்காரன் கத்தியோடு வர, பன்றிக்குட்டி ஒரு மணி நேரம் அவகாசம் கேட்டு உயில் எழுதுகிறது. செருப்பு தைப்பவர்களுக்குத் தன் முள்முடி, காது கேளாதவர்களுக்குத் தன் காது, வக்கீல்களுக்கும் வாயாடிகளுக்கும் தன் நாக்கு, ஓட்டக்காரர்களுக்கும் வேட்டைக்காரர்களுக்கும் கணுக்கால், சின்னப் பையன்களுக்கு ஊதி விளையாட மூத்திரப்பை. யாருக்கு எது தேவையோ அதை எழுதி வைக்கும் அதே சூத்திரம்!

சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் பெயரிலேயே கொழுப்பும் சீரகமும் தொத்திறைச்சியும் மணக்கும். தேதி போடும் இடத்தில் ஆட்சியாளர்கள் பெயராக வறுவலும் மிளகும் வரும். ரோமுக்கு மிளகு போனது நம்ம மலபார் கரையில் இருந்துதான் என்பது ஒரு கொசுறுத் தகவல்.

இதை ரசித்தது யார் தெரியுமா? பள்ளிக்கூடப் பையன்கள். கி.பி. 420-ல் காலமான புனித ஜெரோம், பள்ளிச் சிறுவர்கள் இந்த உயிலைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பதைத் தன் எழுத்தில் குறிப்பிட்டிருக்கிறார். அவருக்கு அதில் அவ்வளவு சந்தோஷம் இல்லை. 1,600 வருஷத்துக்கு முந்தைய பையன்களும் இதற்குத்தான் சிரித்திருக்கிறார்கள்.

வஞ்சப் புகழ்ச்சி, இரண்டு பக்கமும்

தமிழ்ப் பாடத்தில் வஞ்சப் புகழ்ச்சி அணி படித்தவர்களுக்கு இந்த உயில் சட்டென்று பிடிபடும். பழிப்பது போலப் புகழ்வது, புகழ்வது போலப் பழிப்பது. நல்ல உயில் முதல் ரகம். உன் தலையில் என் சோம்பலைக் கட்டுகிறேன் என்று திட்டுகிற மாதிரி ஆரம்பித்து, உன்னை நான் கவனித்திருக்கிறேன், உன்னை எனக்குப் பிடிக்கும் என்று முடிவது.

கெட்ட உயில் இரண்டாவது ரகம். அங்கேதான் வம்பு.

ஒருவருக்கு சோப்புக் கட்டி எழுதி வைக்கிறார்கள். இன்னொருவருக்கு எடை பார்க்கும் மெஷின். ஒரு பெண்ணுக்கு 'யாராவது ஒரு பாய்பிரண்ட்'. எழுத்தில் பார்த்தால் எல்லாம் அன்பளிப்பு. திட்டு வார்த்தை ஒன்று கூட இல்லை. அந்தப் பெண் போய்ப் புகார் சொன்னால், 'சும்மா ஜோக்குக்குத்தான்' என்று பதில் வரும். பரிசு கொடுப்பது போன்ற வாக்கியத்தில் விஷத்தை வைத்தால், வாங்குகிறவர் கோபப்படக் கூட முடியாது. வாயால் சொன்ன கிண்டல் சாயந்திரத்துக்குள் காற்றோடு போகும். அச்சில் வந்தது பெட்டியில் இருக்கும். அதுவும் எழுதியவர் அடுத்த வாரம் ஊரில் இருக்க மாட்டார், வாங்கியவருக்கு இன்னும் மூன்று வருஷம் அதே பள்ளிக்கூடம்.

ரகசிய பாஷை இன்னொரு தலைவலி. 'அன்றைக்கு ராத்திரி ஏரிக்கரையில் நடந்தது' என்று ஒரு வரி வந்தால், எழுதியவருக்கும் படிப்பவருக்கும் மட்டும் விஷயம் தெரியும். அது பியர் பார்ட்டியாக இருக்கலாம். அமெரிக்காவில் மது வாங்க 21 வயது ஆக வேண்டும். பத்திரிகையைக் கவனிக்கும் ஆசிரியர் நூற்றுக்கணக்கான உயில்களையும் வைத்துக்கொண்டு, எது வெறும் ஜோக், எது உள்குத்து என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதனால் பல பள்ளிகளில் கட்டுப்பாடு வந்தது. பட்டப்பெயர், முதலெழுத்து கூடாது, முழுப் பெயர்தான் எழுத வேண்டும். மது, போதை, காதல் விவகாரம் கூடாது. பெயர் வருகிறவரிடம் முன்பே காட்டிச் சம்மதம் வாங்க வேண்டும் என்று வைத்திருக்கும் இடங்களும் உண்டு. 1999 ஏப்ரல் 20-ல் கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் பள்ளியில் இரண்டு மாணவர்கள் நடத்திய துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, மிரட்டல் மாதிரி தொனிக்கும் ஜோக்குகளைப் பள்ளிகள் ஜோக்காகவே எடுத்துக்கொள்வதில்லை. எதுக்கு வம்பு என்று உயிலையே நிறுத்திவிட்ட பள்ளிகளும் இருக்கின்றன.

மாணவர் எழுதியதை பள்ளிக்கூடம் வெட்டலாமா என்று கேட்டால், வெட்டலாம் என்பதுதான் பொதுவான பதில். மிசௌரி மாநிலத்தின் ஹேசல்வுட் ஈஸ்ட் பள்ளியில் 1983-ல் மாணவிகளின் கர்ப்பம், பெற்றோர் விவாகரத்து பற்றிய இரண்டு கட்டுரைகள் இருந்த பக்கங்களைத் தலைமை ஆசிரியர் பத்திரிகையில் இருந்து தூக்கிவிட்டார். மாணவிகள் வழக்குப் போட்டார்கள். 1988 ஜனவரியில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 5-3 என்ற கணக்கில் பள்ளிக்கூடத்தின் பக்கம் தீர்ப்பு சொன்னது. பள்ளியே நடத்துகிற பத்திரிகையில், கல்வி சார்ந்த நியாயமான காரணம் இருந்தால் நிர்வாகம் கை வைக்கலாம் என்பது தீர்ப்பின் சாரம்.

சில மாநிலங்கள் மாணவர் பத்திரிகைக்குத் தனிப் பாதுகாப்பு கொடுத்திருக்கின்றன. தமிழர்கள் கணிசமாக வசிக்கும் கலிபோர்னியாவில் 1977 முதலே அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. நியூ ஜெர்சியில் 2021-ல் வந்தது. ஆனால் அந்தச் சட்டங்களும் அவதூறுக்கும் ஆபாசத்துக்கும் இடம் கொடுப்பதில்லை. சோப்புக் கட்டி அவதூறா, இல்லையா? அந்தக் கேள்விக்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் நேரான விடை இல்லை. பத்திரிகையைக் கவனிக்கும் டீச்சர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பள்ளிக்கூடம் நிறுத்தினால் பிள்ளைகள் நிறுத்திவிடுவார்களா என்ன? இன்ஸ்டாகிராமிலோ, எல்லோரும் சேர்ந்து எழுதுகிற இணையப் பக்கத்திலோ போட்டுவிடுவார்கள். அங்கே சிவப்பு மையோடு டீச்சர் உட்கார்ந்திருக்க மாட்டார். பத்திரிகையில் வெட்டப்பட்டிருக்க வேண்டிய வரி, அங்கே ஸ்கிரீன் ஷாட்டாகி ஊர் சுற்றும். தடை போடுவதை விட, பத்திரிகையிலேயே வைத்துக் கண்காணிப்பது மேல் என்று வாதாடும் ஆசிரியர்கள் சொல்வது இதைத்தான். அதில் நியாயம் இருக்கவே செய்கிறது.

பெயர் வராத பிள்ளை

கேலி செய்யப்பட்டவர் கூட பரவாயில்லை. பெயரே வராதவர் கதை வேறு.

இதழ் கைக்கு வந்ததும் பிள்ளைகள் முதலில் செய்வது, தன் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடுவதுதான். எல்லோருக்கும் வேண்டிய பிள்ளையின் பெயர் இருபது உயிலில் இருக்கும். 9-ம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒருவனுக்கு ஒரே ஒரு சீனியர், 'கெமிஸ்ட்ரி லேப்ல கண்ணாடியை உடைச்சுட்டு என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன், என் அதிர்ஷ்டம் முழுசும் உனக்கு' என்று எழுதியிருப்பார். அவனுக்கு அது போதும், மூன்று வருஷத்துக்குத் தெம்பு. இரண்டு பக்கத்தையும் மேலிருந்து கீழே இரண்டு தரம் படித்துவிட்டு, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போகிற பிள்ளையும் அதே வகுப்பில் இருக்கும்.

அந்தப் பிள்ளையை எந்த விதிமுறையாலும் காப்பாற்ற முடியாது. யாருக்கு எழுத வேண்டும் என்று சீனியரைக் கட்டாயப்படுத்த முடியாதே. விளையாட்டு அணிகளிலும் பேண்டுக் குழுக்களிலும் மட்டும் ஒரு நல்ல வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. எந்த ஜூனியரும் வெறும் கையோடு போகக் கூடாது என்று கேப்டன்கள் முன்கூட்டியே பட்டியல் போட்டு, விட்டுப் போனவர்களைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

தமிழ் வீடுகளில் இருந்து போகும் பிள்ளைகளுக்கு இதில் ஒரு கூடுதல் சங்கடம். வீட்டில் 'படிப்பைப் பாரு' என்பதுதான் சட்டம். பேண்டு, நாடகம், விளையாட்டு என்று எதிலும் சேராமல், பாடம் முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்துவிடும் பிள்ளைக்கு மார்க் இருக்கும், சீனியர் பழக்கம் இருக்காது. மே மாதம் இதழ் வரும்போதுதான் அது தெரியும். கல்லூரி விண்ணப்பத்தில் இடம் காலியாக இருந்தால் பதறுகிற பெற்றோர், இதைப் பற்றிப் பெரும்பாலும் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள்.

2020-ல் எல்லாமே தலைகீழானது. கொரோனாவால் மார்ச் மாதமே பள்ளிகள் மூடப்பட்டன. அந்த வருஷத்து சீனியர்களுக்கு நடன விருந்து இல்லை, பல ஊர்களில் பட்டமளிப்பே காரில் உட்கார்ந்தபடி வரிசையில் போய் வாங்கியதுதான். வீட்டு வாசலில் அட்டை நட்டு வாழ்த்து சொன்னார்கள். அணி விருந்துகளும் கம்ப்யூட்டர் திரையில் நடந்தன. தொப்பியையும் டி-சர்ட்டையும் நேரில் கொடுக்க முடியாமல், ஜூனியர் வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று கையாட்டிவிட்டுப் போனவர்களும் உண்டு.

மற்ற வருஷங்களில், இதழ் வந்த சில நாட்களில் பட்டமளிப்பு நடக்கும். தொப்பியில் தொங்கும் குஞ்சத்தை வலப்பக்கம் இருந்து இடப்பக்கம் தள்ளிவிட்டால் சீனியர் பழைய மாணவர் ஆகிவிடுவார். அதன் பிறகு கோடை விடுமுறை. ஆகஸ்டு அல்லது செப்டம்பரில் பள்ளி திறக்கும்போது, தனக்கு எழுதி வைக்கப்பட்ட ஜன்னலோர மேஜையைத் தேடி ஜூனியர் ஆசையாகப் போவார். அங்கே வேறு நாலு பேர் தட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். உயிலைக் காட்டினால் சிரிப்பார்கள். கோர்ட்டுக்கா போக முடியும்? பக்கத்தில் இடம் இருந்தால் தள்ளி உட்காரச் சொல்லிக் கேட்டுப் பார்க்க வேண்டியதுதான்.